சித்தாளைச் சித்தாளாகவே வைத்திருப்பது எப்படி?

பெண்களின் வறுமையை ஒழிக்க மாநாடு நடத்துகிறார்கள்; அறிக்கை வெளியிடுகிறார்கள்; மார்ச் 8 வந்தால் ஜவுளிக்கடைகள்கூட வாழ்த்துச் சொல்கின்றன. அந்த வறுமையைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்து வருகிறவர்களுக்கு மட்டும் கைகொடுக்க ஒரு புத்தகம் இல்லை. மேஸ்திரிகள், பீடி ஏஜென்டுகள், மில் மேலாளர்கள், கடை முதலாளிகள், அண்ணன் தம்பிமார், துறைச் செயலாளர்கள் எல்லோரும் அவரவர் அனுபவத்தை வைத்தே இதுவரை ஒப்பேற்றி வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத் தொகுத்தது இது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பெண் ஏழையாக இருப்பது தானாக நடப்பதில்லை. விடியுமுன் வாசல் தெளிப்பதில் தொடங்கி ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதுவரை ஒருத்தி ஓயாமல் வேலை செய்கிறாள். அப்படி வேலை செய்கிற யாரிடமும் பத்து வருஷத்தில் நாலு காசு சேர்ந்துவிடும். சேரவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். உங்கள் உழைப்பு. அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான்: அவள் செய்யும் வேலை எந்தக் காகிதத்திலும் ஏறக் கூடாது. ஏறித்தான் தீரும் என்றால் வேறு பெயரில் ஏறட்டும். மற்றதெல்லாம் இதன் விரிவு.

கரண்டியைக் கையில் கொடுக்காதீர்கள்

கட்டடம் நடக்கும் இடத்துக்குப் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனும் அதே வயதுப் பெண் ஒருத்தியும் ஒரே நாளில் வேலைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கலவை சுமக்கிற வேலைதான். கொஞ்ச நாள் போனதும், சாப்பாட்டு இடைவேளையில் பையனைக் கூப்பிட்டு, "டேய், அந்த மூலையைப் பூசு பாப்போம்" என்று கரண்டியைக் கொடுங்கள். கோணலாகப் பூசுவான். திட்டுங்கள், திருத்துங்கள். அடுத்து மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம். மூன்று நாலு வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். இன்னும் கொஞ்ச காலத்தில் பழைய வண்டி ஒன்று வாங்கி, சின்னச் சின்ன வேலைகளைத் தானே ஒப்பந்தம் எடுத்து, மேஸ்திரி என்று பெயரும் வாங்கிவிடுவான்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டாம். செய்முறை அவ்வளவுதான். முப்பது வருஷம் கழித்தும் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு சித்தாளாகவே நிற்பாள். "ஏம்மா, கலவை என்னாச்சு?" என்று மேலிருந்து அதட்டும் கொத்தனார் அவள் மகன் வயதுக்காரனாக இருப்பான். பெண்கள் ஏன் கொத்தனார் ஆவதில்லை என்று யாராவது கேட்டால், சேலை கட்டிக்கொண்டு சாரத்தில் ஏற முடியாது என்று சொல்லுங்கள். அதே சாரத்தில், அதே சேலையில், தலையில் பாண்டுச் சட்டியோடு அவள் நாள் முழுக்க ஏறி இறங்குவதைக் கேட்டவர் கவனிக்க மாட்டார்.

சட்டம் இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இருக்கிறதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசியல் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. ஆனால் ஒரே வேலையாகவோ ஒத்த தன்மையுள்ள வேலையாகவோ இருந்தால்தான் இந்தச் சட்டம் வாய் திறக்கும். ஆகவே வேலையைப் பிரித்துவிடுங்கள். வயலில் இதை நம் முன்னோர்கள் பிசகில்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். மருந்தடிப்பது, மூட்டை தூக்குவது, வரப்பு வெட்டுவது ஆண் வேலை. அது கனமான வேலை. நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது பெண் வேலை. அது லேசான வேலை. முழங்கால் சேற்றில் காலையிலிருந்து குனிந்தே இருப்பது எப்படி லேசான வேலை ஆகும் என்று கேட்பவரை ஒரே ஒரு நாள் நடவுக்கு அனுப்புங்கள். மறுநாள் கேள்வி கேட்க நிமிர மாட்டார். நடவு எந்திரம் வந்தால் இன்னும் நல்லது. எட்டுப் பெண்கள் செய்த லேசான வேலையை எந்திரத்தின்மேல் உட்கார்ந்து ஒருவர் செய்யும்போது அது உடனே திறன்மிகு வேலையாகிவிடும், உட்காருபவரும் ஆணாகிவிடுவார்.

கட்டடத் தொழிலாளர் நலவாரியம் என்று ஒரு தொல்லை 1994லிருந்து இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் உதவி, 60 வயதில் ஓய்வூதியம் என்று நீண்டுகொண்டே போகும். பதிவு செய்ய வேண்டுமானால், இவள் கட்டட வேலை செய்கிறவள் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருந்தால், "நாளைக்கு வாம்மா" என்று சொல்லிக்கொண்டிருங்கள்.

வேலையை வீட்டுக்கே அனுப்பிவையுங்கள்

தென்காசி, திருநெல்வேலி பக்கத்துப் பீடித் தொழிலைப் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம் இது. தொழிற்சாலை கட்ட வேண்டாம். வாடகை, மின்சாரம், கழிப்பறை, குடிதண்ணீர் எதுவும் உங்கள் செலவில்லை. திண்ணை அவளுடையது, விளக்கு அவளுடையது, சொளகும் கத்தரியும் அவளுடையவை. இலையையும் தூளையும் நூலையும் பீடிக் கடையில் வைத்துக் கொடுத்தால் போதும். மறுநாள் கட்டுக் கட்டாகச் சுற்றி அவளே கொண்டுவந்து நிற்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் முனை மடக்குவாள், பாட்டி நூல் கட்டுவாள். மூன்று பேர் உழைப்பும் ஒரே பாஸ் புத்தகத்தில் ஒரு பெயரில் ஏறும். மற்ற இருவரும் கணக்கில் பிறக்கவே இல்லை.

லாபம் இங்கே சின்னச் சின்ன இடத்தில் இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு வேண்டிய இலையைவிடச் சற்றுக் குறைத்து நிறுங்கள். எண்ணிக்கை குறைந்தால் கூலி போகும் என்று பயந்து, அவளே கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி நிரப்புவாள். கொண்டுவந்த பீடியில் சிலதைச் சரியில்லை என்று கழித்து ஒதுக்குங்கள். ஒதுக்கியதற்குக் கூலி இல்லை; ஒதுக்கிய பீடி எங்கே போயிற்று என்று கேட்கிற வழக்கமும் இல்லை. வீட்டிலிருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கஷ்டம்தான். அதனால்தான் கம்பெனிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஏஜென்ட், ஏஜென்டுக்கும் அவளுக்கும் நடுவில் இன்னொருவர் என்று வைத்துக்கொள்வது. அவள் யாரிடம் வேலை செய்கிறாள் என்பது அவளுக்கே தெரியாவிட்டால் யார்மேல் வழக்குப் போடுவாள்?

பட்டன் வைப்பது, பூக்கட்டுவது, அப்பளம் தேய்ப்பது எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும். பேசும்போது மறக்காமல் "வீட்ல சும்மாதான இருக்காங்க" என்று தொடங்குங்கள்.

மங்கலமாகப் பெயர் வையுங்கள்

கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளில் சில காலம் புகழோடு நடந்த ஏற்பாடு ஒன்று உண்டு. வானம் பார்த்த ஊர்களில் ஏஜென்ட் நோட்டீஸோடு போவார். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில். பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும். பெயர் சுமங்கலித் திட்டம். சில இடங்களில் திருமகள் திருமணத் திட்டம். பெயர் வைத்தவரின் திறமையை மெச்சத்தான் வேண்டும். கூலியைப் பிடித்துவைத்து வட்டியில்லாமல் மூன்று வருஷம் கழித்துத் தருகிறோம் என்று சொன்னால் எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? மஞ்சள் குங்குமத்தோடு சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைப்பான்.

சாமர்த்தியம் அந்தக் கடைசி மாதங்களில் இருந்தது. பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கி, காய்ச்சல் கண்டு, இரண்டே முக்கால் வருஷத்தில் ஊர் திரும்பிய பெண்ணுக்கு மொத்தத் தொகை இல்லை. பேச்சு மூன்று வருஷத்துக்குத்தானே? அதுவரை அவள் பதிவேட்டில் தொழிலாளியும் இல்லை; பயிற்சியாளர். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதற்கு மூன்று வருஷப் பயிற்சி! வரதட்சணை 1961லேயே சட்டப்படி குற்றமாகிவிட்ட நாட்டில், பெண்ணே மில்லில் நின்று தன் வரதட்சணையைச் சம்பாதித்துக்கொண்டு போகும் ஏற்பாட்டைச் சமூக சேவை என்று மேடையில் சொல்ல முடிந்தது. பத்திரிகைகள் எழுதி, வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் கேள்வி கேட்டு, அந்தப் பெயர் இப்போது புழக்கத்திலிருந்து போய்விட்டது. பெயர்தான் போனது. விடுதிப் பூட்டும் ஏஜென்டும் பயிற்சியாளர் என்ற பட்டமும் அநேக இடங்களில் அப்படியே இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் கேலி நாவில் நிற்கவில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண்ணை அவருடைய மேற்பார்வையாளரே கொன்றார். அதன் பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்று, 2022இல் ஆலையோடும் வெளிநாட்டுக் கம்பெனிகளோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இப்போது அறியப்படும் உடன்பாட்டைப் போட்டது. பாலியல் தொல்லையைத் தொழிலாளிகளே கண்காணித்துப் புகார் தரலாம். ஆலை நடவடிக்கை எடுக்காவிட்டால் ஆர்டர் போகும். காகிதத்தில் ஏறிவிட்டது. இந்தக் கையேட்டைப் பொறுத்தவரை அது தோல்வி.

அரசாங்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

தனியார் முதலாளிகள் இன்னும் கத்துக்குட்டிகள். சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவதைச் சட்டபூர்வமாகச் செய்துகாட்டியது அரசு. 1975இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது, குழந்தைகளை எடை போட்டு, சத்துமாவு கொடுத்து, பாட்டுச் சொல்லி, கர்ப்பிணிகளின் கணக்கெழுதி, அழைத்த நேரமெல்லாம் மற்றத் துறைகளின் வேலைக்கும் போகிற பெண்ணுக்கு ஊழியர் என்ற தகுதி கொடுக்கவில்லை. அவர் கௌரவப் பணியாளர். சம்பளம் கிடையாது, மதிப்பூதியம் உண்டு. மத்திய அரசின் கணக்கில் அந்த மதிப்பு 2018லிருந்து அங்கன்வாடிப் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய்; உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசுகள் மேலே சேர்த்துத் தருவதால்தான் அடுப்பு எரிகிறது. இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஊர்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாய்மை. தாய்மைக்குச் சம்பளம் கேட்பது அழகா என்று ஒரு கேள்வி போட்டால் பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள்.

மகப்பேறு விடுப்பை 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியபோது, அந்தச் செலவு முழுவதையும் முதலாளி தலையில் வைத்ததும் நமக்குச் சாதகமாகவே முடிந்தது. "கல்யாணம் எப்போ?" என்று நேர்காணலில் கேட்டால் போதும். ஐம்பது பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் கட்டாயமா? நாற்பத்தொன்பது பேரோடு நிறுத்துங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், வாசகர்கள் தேர்ந்தவர்கள். 2024இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள். அப்படி ஈடுபடும் ஆணின் கணக்கு 88 நிமிடம். மிச்சமாகும் நேரத்தில் நாம் சம்பாதிக்கிறோம். சம்பாதிப்பதால் வீட்டு வேலை செய்ய நேரமில்லை. குடும்பத் தலைவிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் சேர்த்து உழைக்காதவர்கள் என்று 2001 மக்கள்தொகைக் கணக்கு எழுதியதை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நீதிபதிகள் தேவையில்லாமல் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்.

சொத்து விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் போட்டுவிட்டது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அதற்குப் பின்னும் இந்தியாவில் சாகுபடி நிலங்களில் பெண்கள் கையில் இருப்பவை, 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்குச் சுமார் பதினாலுதான். இதற்கு நன்றி சொல்ல வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரம். நல்ல நாளாகப் பார்த்துத் தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். வழியில் ஒரு பட்டுப்புடவை. "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சேம்மா" என்று அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசற்படி இருக்காது என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டாம், அவளுக்குத் தெரியும். இந்தக் கையேட்டிலேயே அவள் பெயர் காகிதத்தில் ஏறுவதை நாம் வரவேற்கும் ஒரே இடம் இது.

கணவன் ஓடிப்போனாலும் இறந்தாலும் அவளிடம் அடகு வைக்க ஒரு சென்ட் நிலம் இல்லை. வங்கி கதவைத் திறக்காது. குழுக் கடன் கொடுக்கிறவர்கள் திறப்பார்கள், வாரா வாரம் வசூலுக்கும் வருவார்கள். கூலியைக் கூட்டாமல் கடனைக் கூட்டுவது எவ்வளவு வசதி என்பதை இந்த ஊரில் விளக்கத் தேவையில்லை. வசூலுக்கு வருகிறவர்களின் அடாவடியைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமே போட வேண்டியதாயிற்று.

எச்சரிக்கை: ஆபத்தான சில நிகழ்வுகள்

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது சில காரியங்கள் நடந்து நம் பிழைப்பைக் கெடுத்துவிடுகின்றன.

மிக மோசமானது பஸ். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. அந்த 888 ரூபாய்கூடப் பெரிதல்ல. நடந்து போகிற தூரத்தில் வேறு வேலை இல்லாததால்தான் அவள் நாம் சொன்ன கூலிக்கு வந்துகொண்டிருந்தாள். பஸ் ஏறினால் நாலு இடத்தில் கூலி விசாரிப்பாள். 100 நாள் வேலை வந்த காலத்தில் "ஆளே கிடைக்கலை" என்று பண்ணைக்காரர்கள் புலம்பியதற்கும் இதுவே காரணம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வங்கிக் கணக்கில் அவள் பெயரில் பணம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. அந்தப் பக்கம் போய் வந்தவளிடம் பாதிக் கூலி பேசுவது சிரமம்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைத்திருந்தால் கவலையில்லை. உரிமைத்தொகை என்று வைத்தார்கள். ஆனாலும் இதை நமக்குப் பயன்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. "அதான் மாசம் ஆயிரம் வருதே, கூலி எதுக்குக் கூட்டணும்?" என்று கேளுங்கள். பல ஊர்களில் கேட்டுப் பலன் கண்ட கேள்வி. அரசு ஆயிரம் கொடுப்பதையும் முதலாளி கூலி கொடுப்பதையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறவரை நமக்கு நல்ல காலம்.

கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று கேரளத்துக்குப் பிறகு தமிழ்நாடும் 2021இல் சட்டம் செய்தது. நாற்காலியைப் போடுங்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கும் இடத்தில் போடுங்கள்.

கடைசியாக மூணாறு. 2015 செப்டம்பரில், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததும் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் நடு ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டும் எதிர்த்திருந்தால் சமாளித்திருக்கலாம். தங்கள் பெயரில் இத்தனை காலம் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வராதே என்று விரட்டினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதமும் வந்தது. அடுத்து, 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கு என்றார்கள். 301 வரை போனது. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். நாம் பெயர் வைக்கும் முன் அவர்களே வைத்துக்கொண்டால் நிலைமை கையை மீறிவிட்டது என்று பொருள்.

இந்தக் கையேடு தவறிப்போய் யாராவது ஒரு பெண்ணின் கையில் சிக்கியிருந்தால், அவருக்கு ஒரு வார்த்தை. நலவாரிய அட்டை இல்லையென்றால் இந்த மாதமே பதிவு செய்துகொள்ளுங்கள். சான்று தராமல் அலைக்கழித்தால் பக்கத்திலுள்ள சங்கத்தில் கேளுங்கள். பீடிக் கடையில் உங்கள் பெயரிலேயே பாஸ் புத்தகம் கேளுங்கள். பட்டுப்புடவையை வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை நீட்டினால் மட்டும், "படிச்சுப் பாத்துட்டு வர்றேண்ணே" என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.